பீடியை மறைக்கலாம், நோயை மறைக்க முடியுமா?

கொடைக்கானல் மூஞ்சிக்கல் பக்கம் ஒரு தெரு. காலை நேரம். பனி இன்னும் விலகவில்லை. உடல்நலக் கணக்கெடுக்க ஒரு பெண் நோட்டும் கையுமாக வந்தார். வாசலில் நின்ற டாக்சி டிரைவர் அண்ணன், கையில் இருந்த பீடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"பீடி, சிகரெட் உண்டாண்ணே?"

"இல்லம்மா."

"குடிப்பழக்கம்?"

"சேச்சே! அந்த வாடையே நமக்கு ஆகாதும்மா!"

உள்ளே அவர் மனைவி பாத்திரத்தை ஓங்கி வைத்தார். சத்தம் தெருவுக்கே கேட்டது! நோட்டில் "இல்லை" என்று பதிவானது. அந்தப் பெண் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

பார்த்த எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் இது சிரிக்கிற விஷயம் இல்லை.

2020-ல் தமிழ்நாடு முழுவதும் 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களிடம் சர்வே நடந்தது. 100 பேரில் சுமார் 34 பேருக்கு ரத்தக்கொதிப்பு. சுமார் 18 பேருக்குச் சர்க்கரை. அதைவிடக் கொடுமை, ரத்தக்கொதிப்பு உள்ள 100 பேரில் 7 பேருக்குத்தான் அது கட்டுப்பாட்டில் இருந்தது!

கொதிப்பை மிஷின் காட்டிவிடும். ஆனால் எத்தனை பீடி, எத்தனை கிளாஸ், எவ்வளவு ஊறுகாய் என்பதை எந்த மிஷின் காட்டும்? நம் வாய்தான் சொல்ல வேண்டும்.

கணக்கு எடுத்தால் என்ன பயன் என்று கேட்கலாம். சென்னையைப் பாருங்கள். 2001-ல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வில் 20 வயதுக்கு மேற்பட்ட 26,001 பேரைச் சந்தித்தார்கள். 1989-ல் 100-க்கு 8 பேரிடம் இருந்த சர்க்கரை நோய், 2004-க்குள் 14 பேருக்கு ஏறிவிட்டது தெரிந்தது. எண்ணிப் பார்த்ததால்தானே தெரிந்தது?

"அது பட்டணத்துச் சங்கதி. மலை ஏறி இறங்குறவனுக்குச் சர்க்கரை எங்கே வரும்?" என்கிறார்கள் நம்ம ஊரில். ஏறி இறங்குவது யார்? ஜீப்பும் பைக்கும்தானே! வத்தலக்குண்டு ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர் நாள் முழுக்க உட்கார்ந்தேதான் இருக்கிறார். சாக்லேட் கடைக்காரரும் அப்படியே.

"குளிருக்கு ஒரு கட்டிங்" என்பது இன்னொரு சாக்கு. சாராயம் உள்ளே போனால் தோல்தான் சூடாகும். உடம்பின் உள் சூடு வெளியேறிவிடும். குளிர் கூடுமே தவிர குறையாது!

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. பகல் பதினோரு மணிக்கு வீட்டுக் கதவைத் தட்டினால் பாட்டிதான் இருப்பார். ஆண்களைப் பிடிக்க வேண்டுமா? டாக்சி ஸ்டாண்டுக்குப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வாருங்கள். பூம்பாறை, மன்னவனூர்க்காரர்களையும் விடாதீர்கள். குடியைப் பற்றி மனைவி, அக்கம்பக்கத்தார் முன்னால் கேட்காதீர்கள். தனியாகக் கேளுங்கள். பெயர் வெளியே வராது என்று முதலில் சொல்லுங்கள்.

நமக்கும் ஒன்று. கேட்க வருகிறவர் போலீஸ் இல்லை. வழக்குப் போட மாட்டார். நாம் பொய் சொன்னால், இந்த ஊரில் குடிகாரனே இல்லை, பீடிக்காரனே இல்லை என்று மேலே ரிப்போர்ட் போகும். அப்புறம் மாத்திரை போதவில்லை, டாக்டர் இல்லை என்று யாரிடம் சண்டை போடுவது?

வீட்டில் பாத்திரம் சத்தம் போடும் முன், நாமே வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிவிடலாமே!