நந்தி மலையும் நம் ஆறுகளும்

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே பெங்களூரில் இருந்து நந்தி மலைக்கு மோட்டார் சைக்கிள்களும் கார்களும் சாரி சாரியாகப் புறப்பட்டு விடுகின்றன. ஆறு நாளும் தொழிற்சாலையிலும் ஆபீசிலும் உழைத்தவர்கள், மேகத்துக்கு மேலே நின்று சூரிய உதயத்தைப் பார்க்க ஆசைப்படுவது நியாயமே. தூரம் 60 கிலோ மீட்டர். உயரம் 4,851 அடி. ஊட்டிக்குப் போக முடியாதவர்களுக்கு இதுதான் ஊட்டி.

திப்பு சுல்தானின் கோடை மாளிகை அங்கே இருக்கிறது. காந்தியடிகள் 1927-ல் உடல் நலம் தேறுவதற்காகத் தங்கியதும் அங்கேதான். இவை பலருக்கும் தெரியும். தெரியாத சேதி ஒன்று உண்டு.

தென்பெண்ணை பிறப்பது இந்த மலைத் தொடரில். கிருஷ்ணகிரி அணையையும் சாத்தனூர் அணையையும் நிரப்பி, கடலூர் அருகே கடலில் சேரும் ஆறு அது. பாலாற்றின் ஊற்றும் இந்த வட்டாரத்துக் குன்றுகளே. இங்கே பிறக்கும் அர்க்காவதி, காவிரியில் கலக்கிறது. 1933-ல் கட்டி முடித்த திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்தின் மூலம் பெங்களூருக்கே குடிநீர் கொடுத்த ஆறு அது!

ஆழ்துளைக் கிணறுகள், தைல மரத் தோப்புகள், கல் குவாரிகள், ஏரி ஆக்கிரமிப்புகள் எல்லாம் சேர்ந்து ஊற்றுக் கண்களை அடைத்து விட்டன. பாலாற்றில் தண்ணீரை விட மணலையே அதிகம் பார்த்து வளர்ந்து, பிழைப்புக்காக பெங்களூர் வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்த ஆறுகளின் தாய்மடியில்தான் பிளாஸ்டிக் பாட்டிலை வீசி விட்டு வருகிறோம். மற்றவர்களும் வீசுகிறார்கள் என்பது சமாதானம் ஆகாது.

மலையும் எச்சரித்து விட்டது. 2021 ஆகஸ்டில் பெய்த பெருமழையில் மண் சரிந்து சாலை துண்டிக்கப்பட்டது. மாதக் கணக்கில் மலைக்குப் போக முடியவில்லை. 2022 பிப்ரவரியில் மலைச் சரிவில் ஏறிய கல்லூரி மாணவர் பாறை இடுக்கில் விழுந்தார். விமானப் படை ஹெலிகாப்டர் வந்துதான் மீட்டது. வழி தவறி ஏறுவது வீரம் அல்ல.

கூட்டத்தைக் கட்டுப்படுத்தத்தான் வேண்டும். குமார பர்வதத்தில் 2024 ஜனவரியில் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்ட பிறகு, மலையேற்றப் பாதைகளுக்கு கர்நாடக வனத்துறை முன்பதிவு முறையைக் கொண்டு வந்தது. அது சரியான நடவடிக்கை.

ஆனால், கட்டணத்தை ஏற்றிக் கூட்டத்தைக் குறைக்கும் வழி மட்டும் கூடாது. நந்தி மலைக்கு ரோப் கார் விடும் திட்டத்துக்கு 2023-ல் அடிக்கல் நாட்டினார்கள். அந்த டிக்கெட் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பத்துக்குக் கட்டுப்படி ஆகுமா என்பதே நம் கேள்வி. மனைவி, இரண்டு பிள்ளைகளோடு போகிறவர் நான்கு டிக்கெட் எடுக்க வேண்டுமே.

மலையை நசுக்குவது நடந்து ஏறும் மனிதன் அல்ல. வரிசையாக நிற்கும் வாகனங்கள். ஞாயிறு தோறும் அதிகாலையில் மெஜஸ்டிக்கில் இருந்து கூடுதல் அரசு பஸ்களை விடட்டும். தனியார் வாகனங்களை அடிவாரத்திலேயே நிறுத்தட்டும். சுற்று வட்டாரக் குவாரிகளின் மீது கண்டிப்பு காட்டட்டும். இவற்றை கர்நாடக அரசு அடுத்த மழைக் காலத்துக்கு முன்பே செய்ய வேண்டும்.