அலாரம் அடிக்கலைன்னா நெட்வொர்க் நல்லா இருக்குன்னு அர்த்தமா?

ஒரு ஸ்விட்ச் போர்ட்டில் பிழைகளின் எண்ணிக்கை 1,000-ஐத் தாண்டினால் அலாரம் வர வேண்டும் என்று செட் செய்திருக்கிறார்கள். போன மாதம் ஒருமுறை அலாரம் வந்தது, கேபிளை மாற்றினார்கள். இந்த மாதம் புது கேபிளிலும் பழுது. ஆனால் அலாரம் இல்லை, மானிட்டர் திரை முழுக்கப் பச்சை. ஊழியர்கள் போன் செய்து "நெட் ரொம்ப ஸ்லோ" என்று சொன்ன பிறகுதான் விஷயமே தெரிகிறது.

கருவியில் கோளாறு இல்லை. சொன்னதைத்தான் அது செய்தது. தவறு ஒரே ஒரு செட்டிங்கில்.

ஆப்சொல்யூட், டெல்டா: என்ன வித்தியாசம்?

நெட்வொர்க் கண்காணிப்புக்கான 'ஆர்மான்' தரநிலை 1991-ல் வந்தது. அதில் அலாரத்துக்கு மதிப்பை எடுக்க இரண்டு முறைகள் உண்டு. அந்த நேரத்தில் இருக்கும் எண்ணை அப்படியே எடுத்தால் ஆப்சொல்யூட். போன முறை எடுத்த எண்ணைக் கழித்து, வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் டெல்டா.

வீட்டு மின் மீட்டர் 18,450 காட்டுகிறது. அதை வைத்து பில் போட முடியாது. போன ரீடிங்கைக் கழித்தால்தான் கணக்கு வரும். பிழைகளை எண்ணும் கவுண்ட்டரும் இப்படித்தான், ஏறிக்கொண்டே போகும்.

ஏன் ஒருமுறை மட்டும் அடித்தது?

ஆர்மான் அலாரத்துக்கு மேல் வரம்பு, கீழ் வரம்பு என இரண்டு உண்டு. மேல் வரம்பைத் தாண்டி ஒருமுறை அடித்துவிட்டால், மதிப்பு கீழ் வரம்புக்கு இறங்கும்வரை மறுபடி அடிக்காது. சும்மா சும்மா அடித்துத் தொல்லை தரக்கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. ஆனால் கேபிளை மாற்றினாலும் கவுண்ட்டர் இறங்காதே! ஆப்சொல்யூட் முறையில் வைத்ததால் முதல் அலாரமே கடைசி அலாரம் ஆகிவிட்டது.

தலைகீழாகவும் தவறலாம். சிபியு பயன்பாட்டுக்கு டெல்டா வைத்தால், அது 95 சதவீதத்திலேயே நின்றாலும் வித்தியாசம் பூஜ்யம்தான். அலாரம் வராது.

டெல்டாவிலும் கவனம் தேவை

60 விநாடிக்கு 300 பிழை என்று வைத்த வரம்பு, இடைவெளியை 10 விநாடியாகக் குறைத்தால் 50 ஆக மாற வேண்டும். இன்னொன்று: 400 பிழைகள் இரண்டு இடைவெளிகளில் பாதிப் பாதியாக விழுந்தால், இரண்டுமே 300-க்குக் கீழே போய்த் தப்பிவிடும். அதனால் பாதி இடைவெளிக்கு ஒருமுறை எடுத்து, கடைசி இரண்டையும் கூட்டிப் பார்க்கும் வழியை 2000-ல் வந்த ஆர்எஃப்சி 2819 சொல்கிறது.

என்ன செய்யலாம்?

பழைய டெம்ப்ளேட்டை காப்பி-பேஸ்ட் செய்வதற்கு முன் ஒரு கேள்வி போதும்: இந்த எண் ஏறி இறங்குமா, ஏறிக்கொண்டே போகுமா? ஏறி இறங்கினால் ஆப்சொல்யூட். ஏறிக்கொண்டே போனால் டெல்டா. பிறகு வரம்பைக் கொஞ்ச நேரம் குறைத்து வைத்து, அலாரம் அடிக்கிறதா, அடங்கிய பின் மறுபடியும் அடிக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அந்த இரண்டாவது அலாரத்தையும் கேட்ட பிறகுதான் திரையில் தெரியும் பச்சையை நம்பலாம்.