சராசரி ஏமாற்றும், இடைநிலையையும் கேளுங்கள்!

'அம்பை 16' என்ற நெல்லைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆடுதுறை 31, கோ 39 ஆகிய இரண்டு இரகங்களை ஒட்டுச் சேர்த்து அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கி, 1986-இல் வெளியிட்ட இரகம் அது. ஒட்டுச் சேர்ப்பது, விளைந்ததில் நல்லதைப் பொறுக்குவது, அடுத்த தலைமுறையிலும் பொறுக்குவது: இதுவே பயிர் ஆராய்ச்சியாளரின் வழி.

இந்த வழியைக் கணிப்பொறியும் பின்பற்றுகிறது. இம்முறையை விளக்கி ஜான் ஹாலந்து என்ற அமெரிக்க அறிஞர் 1975-இல் நூல் எழுதினார். இங்கே நெற்பயிருக்குப் பதில் விடைகள். நல்ல விடைகளைக் கலந்து புதிய தலைமுறை விடைகளைக் கணிப்பொறி உண்டாக்கும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. பாபநாசம் அணையிலிருந்து என்றைக்கு எவ்வளவு நீர் விட்டால் கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டத்தின் கடைமடை வரை பயிர் வாடாது? கணிப்பொறி ஏழு திட்டங்கள் தருகிறது. ஒவ்வொன்றிலும் நீர் எட்டாத வயல்களின் எண்ணிக்கை: 12, 14, 15, 16, 18, 19, 606. கடைசித் திட்டம் ஒரு கால்வாயையே மூடிவிட்டது! சராசரி 100. ஆனால் 100-க்குப் பக்கத்தில் ஒரு திட்டமாவது உண்டா? நடுவில் நிற்கும் 16, அதாவது இடைநிலை அளவு, உண்மையைச் சொல்கிறது.

அடுத்த தலைமுறை: 10, 11, 12, 13, 14, 15, 660. ஆறு திட்டங்கள் முன்னேறிவிட்டன. இடைநிலை 13 ஆகக் குறைந்தது. சராசரியோ 105 ஆக ஏறியது! சராசரியை மட்டும் நம்புபவர், "வேலை கெட்டுவிட்டது" என்று நல்ல முயற்சியை நிறுத்திவிடுவார்.

"இடைநிலை காண எல்லாவற்றையும் வரிசைப்படுத்த வேண்டுமே! பல்லாயிரம் விடைகள் இருந்தால் நேரம் வீணாகாதா?" என்பீர்கள். வேண்டியதில்லை. 1961-இல் டோனி ஹோர் என்ற ஆங்கிலேய அறிஞர் ஒரு சுருக்குவழி சொன்னார். பள்ளியில் 1001 மாணவர்கள் என்று வையுங்கள். உயரத்தில் 501-ஆவது மாணவர் யார்? யாராவது ஒருவரை நிறுத்தி, அவரைவிடக் குட்டையானவர்களை இடப்புறமும் நெட்டையானவர்களை வலப்புறமும் அனுப்புங்கள். இடப்புறம் 600 பேர் சேர்ந்தால், நாம் தேடுபவர் அங்கேதான் இருக்கிறார். மற்றவர்களை வகுப்புக்கு அனுப்பிவிட்டு, அந்த 600 பேரிடம் மட்டும் இதையே திரும்பச் செய்யுங்கள். கூட்டம் மளமளவென்று சுருங்கும். முழு வரிசை தேவையே இல்லை.

ஆகவே, நேரமில்லை என்பது சாக்கு ஆகாது. சராசரியை அச்சிடும் ஒவ்வொரு நிரலும் இடைநிலையையும் அச்சிட வேண்டும் என்பதே என் கருத்து.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இடைநிலை அந்த 606-ஐக் கண்டுகொள்ளாது. ஆனால் நீர் எட்டாத வயலுக்கும் ஓர் உழவர் இருக்கிறார் அல்லவா? எனவே மிக மோசமான எண்ணையும் பக்கத்திலேயே எழுதுங்கள்; அது ஏன் வந்தது என்று தேடுங்கள்.

அடுத்த தேர்வில் உங்கள் வகுப்பு மதிப்பெண்களுக்கு இரண்டையும் கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டும் வெகுவாக விலகி நின்றால், அங்கே விசாரிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது.