கராச்சுக்குப் போறது தண்டனையோ?



எங்கட வீட்டுப் பழைய மொறிஸ் மைனர் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கிவிட்டது. காலையில் உடனே ஸ்ராட் ஆகும். கல்வியங்காடு தாண்ட முன்னம் இருமி இருமி நின்றுவிடும். அரை மணித்தியாலம் ஆறவிட்டால், ஒன்றும் நடக்காதது போல ஓடும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய காரைத் திருத்தித் திருத்தி ஓடுறதுதான் எங்களுக்கு வழி. 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தும், அந்த விலை ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டாது.

பெற்றோல் வரவில்லை என்று நாங்களே முடிவு கட்டினோம். வாப்பா, தம்பி எல்லாருமாக நின்று காபரேற்றரை இரண்டு தரம் கழற்றிக் கழுவினோம். பிளக் மாற்றினோம், பெற்றோல் குழாய் மாற்றினோம். ஒரு பரிசோதனையில் ஒன்றை மட்டும்தான் மாற்றிப் பார்க்க வேணும் என்று வகுப்பில் படிப்பிக்கிற நாங்கள், ஒரே நாளில் மூன்றை மாற்றினோம். மணலுக்குள் விழுந்த ஒரு சின்ன ஸ்குறூவை அரிதட்டால் அரித்துத் தேடினது தனிக்கதை.

கடைசியில் எழுபது வயது தாண்டின மெக்கானிக் ஐயா ஒருவரைக் கூட்டி வந்தோம். அவர் ஸ்பனரைத் தொடவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்.

"சூடேறினாப் பிறகோ தம்பி நிக்குது?"

ஓம் என்றோம். காரை ஓடவிட்டு, அது நின்றதும் டிஸ்ரிபியூற்றர் மூடியைத் திறந்து, எஞ்சினைச் சுத்தச் சொன்னார். பொயின்ற் வாயில் நெருப்புப் பெரிதாகப் பறந்தது. "பெற்றோல் இல்லை, கொண்டென்சர்" என்றார். கொண்டென்சர் சூட்டில் சோர்ந்தால் பிளக்குக்குப் போகவேண்டிய வலு பொயின்றிலேயே எரிந்து போகும். விரல் அளவுச் சாமான். மாற்றினார், கார் ஓடியது.

இதை எங்கே படித்தீர்கள் என்று கேட்டோம். பொருளாதாரத் தடைக் காலத்தில் என்றார். பெற்றோல் சில துளி விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிட்ட காலம். மண்ணெண்ணெய் பிளக்கைக் கரியாக்கும், எஞ்சின் ஒயிலில் இறங்கி அதைத் தண்ணியாக்கும். புதுச் சாமானும் வராது. சத்தத்தையும் மணத்தையும் வைத்தே நோய் கண்டுபிடித்திருக்கிறார்கள். 1990 ஒக்டோபரில் எங்கட சனம் வெளியேற்றப்பட்டதால் நாங்கள் புத்தளத்தில் வளர்ந்தோம். இந்தக் கதை எங்களுக்குப் புதிது.

போகும்போது, "எனக்குப் பிறகு இதைப் பழக ஒருத்தரும் வாறேல்லை" என்றார். அது எங்களைச் சுட்டது. ஏனென்றால், "படிக்காட்டிக் கராச்சிலதான் நிப்பாய்" என்று வகுப்பில் பிள்ளைகளை வெருட்டுறது ஆசிரியர்களாகிய நாங்கள்தான். மாப்பிள்ளை கராச்சில் வேலை என்றால் முகம் சுளிப்பதும் நாங்கள்தான்.

கராச் சொர்க்கம் என்று சொல்லவரவில்லை. சம்பளமில்லாமல், கையுறையில்லாமல் வருடக்கணக்கில் நிற்கிற பொடியன்களை நாங்கள் பார்க்கிறோம். அதனால்தான் முறையாகப் பழக வேணும் என்கிறோம். 2017இல் தொடங்கின 13 வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வித் திட்டத்தில், சாதாரண தரம் சித்தியடையாத பிள்ளையும் தொழிற்பிரிவில் தொடர்ந்து படிக்கலாம். அனுபவத்தால் தொழில் பழகினவர்களும் தங்கள் திறமையைக் காட்டி தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்க வழி இருக்கிறது. இதை எத்தனை பெற்றோருக்கு நாங்கள் சொல்லியிருக்கிறோம்?

ஆசிரிய நண்பர்களே, அந்த வெருட்டலை இனி விடுவோம். தவணைக்கு ஒருநாள் இப்படி ஒரு ஐயாவைப் பாடசாலைக்கு அழைத்து, ஒரு பழைய எஞ்சினைப் பிள்ளைகளுக்கு முன்னால் கழற்றிப் பூட்டச் சொல்வோம். அந்தக் கைகள் இருக்கும்போதே செய்வோம்.