மட்டி தந்த ஏரியும் மதகுக்குக் கொட்டிய பணமும்

ஜப்பானின் ஹோன்ஷு தீவில், ஜப்பான் கடலோரமாக நீண்டு ஒடுங்கிக் கிடக்கிறது ஷிமானே மாகாணம். முதுகுப்புறம் சுகோக்கு மலைத்தொடர், சமவெளி குறைவு. புல்லட் ரயில் இன்றுவரை எட்டிப் பார்க்கவில்லை. 1955இல் 9.29 லட்சம் பேர் இருந்த இடத்தில் 2020 கணக்கெடுப்பில் 6.71 லட்சம் பேரே எஞ்சினர். 47 மாகாணங்களில் இதைவிட மக்கள்தொகை குறைந்தது பக்கத்து தொத்தோரி மட்டும்தான். பத்தாம் சந்திர மாதத்தில் நாட்டின் தெய்வங்களெல்லாம் இங்குள்ள இசுமோ கோயிலில் கூடுவதாக நம்பிக்கை. தெய்வங்கள் ஆண்டுதோறும் தவறாமல் வந்துவிடுகின்றன. படிக்கப் போன பிள்ளைகள்தான் திரும்புவதில்லை.

டோக்கியோ ஷிமானேயைக் கண்டுகொள்ளவே இல்லை என்று யாரும் குறைசொல்ல முடியாது. இந்த மண்ணைச் சேர்ந்த நொபோரு தகேஷிதா 1987 முதல் 1989 வரை பிரதமராகவே இருந்தார். சாலையும் பாலமும் அணையும் குறைவின்றி வந்தன. சிற்றூர், நகரம் என்று பாராமல் உள்ளாட்சிகளுக்குத் தலா 10 கோடி யென் கொடுத்ததும் அவருடைய அரசுதான். (அவாஜித் தீவில் ஓர் ஊர் அந்தப் பணத்தில் தங்கக்கட்டியைக் கொண்டுவந்து காட்சிக்கு வைத்தது!) பணம் வந்தது. ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள்.

டோக்கியோவின் பணம் எப்படி யோசித்தது என்பதற்குத் தலைநகர் மாட்சுவேயை ஒட்டிய ஷின்ஜி ஏரியே சாட்சி. ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் அந்த ஏரியில் விளைவது ஷிஜிமி என்னும் சின்னஞ்சிறு கறுப்பு மட்டி. காலையில் சிறு படகில் நின்றபடி, நீண்ட கழியின் நுனியில் மாட்டிய கம்பிக் கூடையால் மீனவர் அடிமணலை அரிக்கிறார். கண்ணி வழியே குஞ்சுகள் நழுவி ஏரிக்கே திரும்புகின்றன. எவ்வளவு நேரம் அரிக்கலாம், எவ்வளவு அள்ளலாம் என்பதற்கெல்லாம் வரம்பு உண்டு. மிசோ சூப்பில் போட ஜப்பான் முழுக்க அதைத் தேடுகிறது.

இந்த ஏரியை நன்னீராக்க 1963இல் அரசு திட்டம் போட்டது. பக்கத்து நகாவுமி ஏரியைத் தூர்த்து விளைநிலமாக்குவது, கடல்நீரை மதகு கட்டித் தடுப்பது, பாசனத்துக்கு நன்னீர் எடுப்பது. 1970 வாக்கில் அரிசி மிகுந்துபோய், நெல் பயிரிடும் பரப்பைக் குறைக்கச் சொன்னது அதே அரசு. இருந்தும் மதகு எழுந்தது. உப்பு போனால் மட்டியும் போகும் என்று உள்ளூரில் கிளம்பிய எதிர்ப்பால் 1988இல் நன்னீராக்கல் நிறுத்தப்பட்டது, 2002இல் கைவிடப்பட்டது. பிறகு மதகையே இடித்தார்கள். கட்டவும் பொதுப்பணம், இடிக்கவும் பொதுப்பணம்.

இதற்கு நேர்மாறான கதை இதே மாகாணத்தின் ஓக்கி தீவுகளில் நடந்தது. அங்குள்ள தோசென் உயர்நிலைப் பள்ளியில் 2008 வாக்கில் மாணவர்கள் 90 பேர்கூட இல்லை. பள்ளியை மூடினால் 15 வயதிலேயே பிள்ளைகள் கப்பலேற வேண்டும். பெற்றோரும் பின்னால் போவார்கள். பள்ளி அமைந்த, கடனில் தத்தளித்த அமா ஊராட்சி, தலைவரின் சம்பளத்தில் தொடங்கிச் செலவைக் குறைத்தது. அண்டைத் தீவுகளோடு சேர்ந்து பள்ளியைத் தூக்கி நிறுத்தியது. விடுதியில் தங்கிப் படிக்க வெளி மாகாணப் பிள்ளைகளை வரவேற்றார்கள். பத்தாண்டுகளில் மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டித்தது. அமாவில் வாழ்வோர் இன்றும் சுமார் 2,300 பேர்தான். சரிவு மாயமாக மறைந்துவிடவில்லை, வேகம்தான் தணிந்தது.

புல்லட் ரயில் வேண்டும் என்ற கோரிக்கை ஷிமானேயில் இன்னும் ஓயவில்லை. கேட்கட்டும், தவறில்லை. ஆனால் கையிலிருக்கும் யென்னை முதலில் பள்ளி விடுதிகளுக்கும் மட்டி விளையும் ஏரிக்கும் செலவிடுவதே புத்திசாலித்தனம்.