பூட்டுதான் முதல் இடி

தனுஷ்கோடி தேவாலயத்தை 1964 டிசம்பர் புயல் சிதைத்தது. அங்கே கடலைத்தான் குறை சொல்ல முடியும். ஹைதராபாத்தில் கைவிடப்படும் கட்டடங்களுக்கு அந்தச் சாக்கு இல்லை. செகந்திராபாத் செயின்ட் ஜான்ஸ் தேவாலயம் 1813-இல் எழுந்தது; இன்றும் ஆராதனை நடக்கிறது. ஆள் நடமாட்டம் இருப்பதால் ஒழுகலும் விரிசலும் உடனே கண்ணில் படுகின்றன. முசி ஆற்றங்கரையின் உஸ்மானியா மருத்துவமனைக்கு அந்தப் பேறு நிலைக்கவில்லை. 1908 பெருவெள்ளத்துக்குப் பின் நகரத்தைத் திருத்திக் கட்டியபோது வின்சென்ட் எஷ் வடிவமைத்த மாளிகை அது. குவிமாடங்களின் கீழ் தலைமுறை தலைமுறையாக ஏழைகள் இலவசமாக வைத்தியம் பார்த்துக்கொண்டார்கள். 2020 ஜூலை மழையில் வார்டுகளுக்குள் சாக்கடை நீர் புகுந்தது. நோயாளிகளை வெளியேற்றிப் பழைய கட்டடத்தைப் பூட்டினார்கள். நோயாளிகளை மாற்றியது சரி. கட்டடத்தைப் பூட்டியதோடு கடமை முடிந்ததாக நினைத்ததுதான் பிழை. அடைபட்ட வடிகாலும் கூரையில் வேர்விடும் அரச மரமும் வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. பிறகு 'பாழடைந்துவிட்டது, இடித்துவிடலாம்' என்று சொல்வது எவ்வளவு சுலபம்! கோட்டியில் 1803 வாக்கில் கட்டத் தொடங்கிய பிரிட்டிஷ் ரெசிடென்ஸியும் இப்படித்தான் பாழாய்க் கிடந்தது. மகளிர் கல்லூரி வளாகத்துக்குள் இருந்த அதைப் பல ஆண்டு உழைப்பில் மீட்டிருக்கிறார்கள். எர்ரம் மன்ஸில் அரண்மனையை இடிக்கும் அரசின் முடிவையோ 2019-இல் உயர் நீதிமன்றமே ரத்து செய்தது. உஸ்மானியாவுக்காகக் கோஷாமஹாலில் புது மருத்துவமனைக்கு 2025-இல் அடிக்கல் நாட்டியாயிற்று, நல்லது. தெலங்கானா அரசு உஸ்மானியாவின் பழைய கட்டடத்தையும் பழுதுபார்த்து, மக்கள் வந்துபோகும் ஒரு பயன்பாட்டுக்குத் திறந்துவிட வேண்டும்.