நிழல் இல்லாவிட்டால் ஓவியம் இல்லையா?

கடலூரிலும் சிதம்பரத்திலும் இன்று பென்சிலைக் கையில் எடுக்கும் பிள்ளைகளில் பலர் அனிமே என்னும் ஜப்பானிய உயிரூட்டப் படங்களிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கெட்டியான கருப்புக் கோடு, நிழலே விழாமல் நிரப்பிய வண்ணம், முகத்தில் பாதியை எடுத்துக்கொள்ளும் கண்கள். அதைப் பார்த்ததும் பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்: வரையத் தெரியாததால் தட்டையாக வரைகிறார்கள், நம் மண்ணுக்கு ஒட்டாத ஜப்பான் மோகம், வெறும் பிள்ளைத்தனம், பொம்மை விற்பவர்களின் வேலை. ஓவியப் போட்டிகளிலும் இதே பேச்சுதான். இந்த நான்கையும் நான் மறுக்கிறேன்.

முதலில் 'தெரியாததால் தட்டை' என்பதைப் பார்ப்போம். சிதம்பரத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்வது எனக்குப் பெரிய வியப்பு. நடராசர் கோயிலில் சிவகங்கைக் குளத்துக்கு மேற்கே சிவகாமசுந்தரி அம்மன் சன்னதி இருக்கிறது. அதன் முன்மண்டபத்து விதானத்தை அண்ணாந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? பதினேழாம் நூற்றாண்டு நாயக்கர் கால ஓவியங்கள் அங்கே பட்டை பட்டையாக ஓடுகின்றன. பிட்சாடனர் தாருகாவனத்துக்குப் போகிறார், மோகினி உடன் வருகிறாள், முனிபத்தினிகள் மயங்கி நிற்கிறார்கள். தூரத்தில் இருப்பவர் சிறுத்துப்போவதில்லை. உருவத்தைத் தாங்குவது கோடு. உடம்புக்கு ஒரு வண்ணம், பின்புலத்துக்கு ஒரு வண்ணம், நடுவில் காற்றுக்குக்கூட இடமில்லை. கதை பட்டை நெடுகிலும் நகர, நம் கண்ணும் கூடவே நடக்கிறது. இதை வரைந்தவர்களுக்கு வரையத் தெரியாது என்று யாராவது சொல்வார்களா?

நிழல் இழைத்து, தூரத்தைக் குறுக்கிக் காட்டுவதுதான் 'சரியான' ஓவியம் என்ற அளவுகோல் நமக்கு எப்போது வந்தது? 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் ஓவியப் பள்ளி தொடங்கிய காலத்தை ஒட்டி அது வேரூன்றியது. ரவிவர்மாவின் அச்சுப் படங்கள் அதை வீடுதோறும் கொண்டுசேர்த்தன. அந்த முறை அழகானது, கற்றுக்கொள்ள வேண்டியது. ஆனால் அந்நியம் எது என்று கேட்டால், விதானத்தில் இருக்கும் தட்டையை அல்ல, டிராயிங் மாஸ்டர் கேட்கும் ஷேடிங்கைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.

ஜப்பானிலும் தட்டை என்பது தெரியாமையால் வந்ததல்ல. தட்டைப் பாணிக்கு 'சூப்பர்ஃபிளாட்' என்று பெயர் சூட்டி, 2000ஆம் ஆண்டில் கண்காட்சியாக அமைத்த ஓவியர் தகாஷி முரகாமி, கைவராததால் அங்கே போய் ஒதுங்கியவர் அல்லர். தோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தில் நிஹோங்கா என்னும் மரபு ஓவியம் பயின்று முனைவர் பட்டம் பெற்றவர். இத்தோ ஜாகுச்சு, சோகா ஷோஹாகு போன்ற எடோ காலத்து ஓவியர்கள் பார்ப்பவரின் கண்ணைப் படத்தின் பரப்பிலேயே ஓடவிட்ட விதமும், இன்றைய அனிமேக்காரர்கள் அதைச் செய்யும் விதமும் ஒன்றுதான் என்பது அவருடைய வாதம். 1996இல் அவர் வரைந்த '727' ஓவியத்தில் வண்ணத்தை அடுக்கடுக்காகப் பூசித் தேய்த்தெடுத்திருக்கிறார். ஒரு தட்டைப் பரப்பை உண்டாக்க அத்தனை உழைப்பு.

ஜப்பான் மோகம் என்ற குற்றச்சாட்டு நம் கடற்கரையின் வரலாற்றை மறந்தவர்கள் சொல்வது. கடலூரின் தேவனாம்பட்டினத்தில் டச்சுக் கம்பெனி 1608இலேயே பண்டகசாலை வைத்தது. சோழமண்டலக் கரையெங்கும் கையால் எழுதிச் சாயம் தோய்த்த பருத்தித் துணிகளை வாங்கி, பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா) வழியாகத் தூர கிழக்கு நாடுகளுக்கு ஏற்றினார்கள். ஜப்பானியர்கள் அவ்வகைத் துணியை 'சரசா' என்று அழைத்தார்கள். தேநீர்ச் சடங்குக்கான பாத்திரங்களுக்கு உறை தைத்தார்கள். கியோட்டோவின் கியோன் திருவிழாத் தேர்களை இந்தியத் துணிகள் இன்றும் அலங்கரிக்கின்றன. ஓரக்கோடு போட்டு உள்ளே வண்ணம் நிரப்பும் வேலைதான் அந்தத் துணி முழுவதும். அனிமே நம்மிடமிருந்து பிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை, அது பொய்யாகிவிடும். ஆனால் இரண்டு கரைகளும் ஒன்றுக்கொன்று அந்நியம் என்ற பேச்சு நிற்காது.

பிள்ளைத்தனம், உணர்ச்சியற்றது என்ற மூன்றாவது குற்றச்சாட்டுதான் என்னை அதிகம் வருத்துவது. 2005இல் முரகாமி நியூயார்க்கில் நடத்திய கண்காட்சிக்கு 'லிட்டில் பாய்' என்று பெயர் வைத்தார். ஹிரோஷிமாவில் விழுந்த அணுகுண்டின் பெயர் அது. குழந்தை முகங்களும் பொம்மை நிறங்களும் போரில் தோற்று அடிபட்ட ஒரு நாட்டின் மனத்திலிருந்து வந்தவை என்று அவர் அங்கே எடுத்துக்காட்டினார்.

2011 மார்ச் 11இல் வடகிழக்கு ஜப்பானைக் கடல் விழுங்கியது. அடுத்த ஆண்டே முரகாமி 'ஐந்நூறு அரஹந்தர்' என்ற ஓவியத்தைக் கத்தாரின் தோகாவில் வைத்தார். நீளம் 100 மீட்டர், உயரம் 3 மீட்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கானோ கசுனோபு, தோக்கியோவின் சோஜோஜி கோயிலுக்காக 100 சுருள்களில் வரைந்த அதே அரஹந்தர்களைத் தான் எடுத்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான மாணவர்களின் துணையோடு வரைந்தார். சுருங்கிய முகங்கள், புடைத்த கண்கள், நெருப்பு, கடல், நான்கு திசைகளின் காவல் விலங்குகள். எல்லாமே தட்டை. துக்கத்தை ஆற்ற வந்த புத்தரின் சீடர்கள் அவர்கள்.

தேவனாம்பட்டினத்திலும் சாமியார்பேட்டையிலும் கிள்ளைப் பக்கத்து எம்.ஜி.ஆர். திட்டிலும் 2004 டிசம்பர் 26 சுனாமியில் யாரையாவது பறிகொடுத்த வீடுகள் இருக்கின்றன. நம் கரையில் அந்தத் துக்கம் நினைவுத்தூணாக நிற்கிறது, ஆண்டுதோறும் கடலில் ஊற்றும் பாலாக வருகிறது. அப்படியொரு வீட்டுப் பிள்ளை கருப்புக் கோட்டிலும் பச்சை நீலத்திலும் ஒரு பேரலையை வரைந்து நீட்டினால், ஷேடிங் இல்லை என்று மார்க்கைக் குறைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நான்காவதான வியாபாரம் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. முரகாமி 2003இல் லூயி வுய்ட்டோன் கைப்பைகளுக்கு வண்ணம் போட்டார். ஜப்பானிய ஓவியர் யோஷிதோமோ நாராவின் கோபக்காரச் சிறுமி ஓவியம் ஒன்று 2019இல் ஹாங்காங் ஏலத்தில் ஏறத்தாழ 2.5 கோடி டாலருக்குப் போனது. என் கண்ணுக்கு அந்தக் கைப்பைகள் அரஹந்தர்களின் பக்கத்தில் நிற்காது. ஆனால் காசு வாங்கிச் செய்ததால் ஒன்று கலையில்லை என்றால், அரசர்களிடம் கூலி வாங்கிக் கோயில் எழுப்பியவர்களை எங்கே வைப்பது?

எதிர்ப்பவர்களிடம் ஓர் உண்மை இருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். கைப்பேசித் திரையில் தாளை வைத்து அனிமே நாயகன் நருட்டோவை அப்படியே எடுக்கும் பிள்ளை எதையும் கற்றுக்கொள்வதில்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் பாட்டியின் முழங்கையை வரையச் சொன்னால் திணறுகிறது. ஆனால் இது நகல் எடுப்பதன் குறை. ரவிவர்மா படத்தைக் கட்டம் போட்டுப் பெருக்குகிறவருக்கும் அது உண்டு. கோட்டை நம்பி வரைகிறவர்களுக்கு எதிரே இருப்பதைப் பார்த்து வரையும் பயிற்சி மற்றவர்களைவிட அதிகமாகவே வேண்டும். பிசகிய கோட்டை மறைத்துக்கொள்ள அவர்களிடம் நிழல் கிடையாது.

இதற்கு வழிகாட்ட ஆள் தேடி எங்கும் போக வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் கண்டுபிடித்தவர் எஸ்.கே. கோவிந்தசாமி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து ஆசிரியர். அந்தச் சுவரில் தில்லைக் கூத்தனை அரசரும் தேவியரும் வணங்கும் காட்சியும் இருக்கிறது. அனிமே வரையும் பிள்ளைகளை முதலில் சிவகாமி அம்மன் மண்டபத்துக்குக் கூட்டிப்போய், ஒரு பட்டையில் உள்ள உருவங்களை நின்று பார்த்து வரையச் சொல்லலாம். மாவட்டப் போட்டிகளில் கோட்டோவியத்துக்கென்று தனிப் பிரிவு வைக்கலாம், கோட்டைப் படிக்கத் தெரிந்தவர்களை அதற்கு நடுவர்களாக உட்காரவைக்கலாம்.